மூன்று வயதில் நான்கு கோட்டு நோட்டு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் பள்ளிச் சேர்க்கை குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தி, கட்டண உயர்வைப் பற்றி மட்டுமே பேசியிருந்தது. மூன்று வயதுப் பிள்ளையை அங்கே என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதும் விவாதிக்கப்பட வேண்டிய செய்தியே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றுத் தமிழகத்தில் முதலிடத்தில் இருந்தது நம் குமரி மாவட்டம். படிப்பின் மேல் நமக்குள்ள அந்தப் பற்றுதான் இன்று காலத்துக்கு முன்பே பிள்ளைகளின் கையில் பென்சிலைத் திணிக்கிறதோ என்று தோன்றுகிறது. எங்கள் பகுதியில் எல்.கே.ஜி. பிள்ளைகள் மாலையில் ஒரு பக்கம் எழுதி முடிக்காமல் முற்றத்தில் இறங்க முடிவதில்லை. முழுக் கையாலும் பென்சிலை இறுக்கிப் பிடித்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதுகிறார்கள். மணிக்கட்டில் உள்ள 8 எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக இறுகியிருப்பதில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு எழுத்து கோணலாகிறது என்று பிள்ளையை ஏசுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்த வயதில் அறிவு வளர்வது பேச்சிலும் விளையாட்டிலும்தான். பிள்ளை ஒன்றைச் சுட்டிக்காட்ட, பெரியவர் அதன் பெயரைச் சொல்லி, பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டு, அது மழலையில் மறுமொழி சொல்லும்வரை பொறுத்திருக்கும் அந்தப் பழக்கமே மூளையின் நரம்பிணைப்புகளை வலுப்படுத்துகிறது. குளச்சல் கடற்கரையில் பாட்டியின் அருகே குத்தவைத்து, நெத்திலியையும் சாளையையும் வெவ்வேறாகப் பிரித்துப் போடும் நான்கு வயதுப் பிள்ளை, அளவையும் வடிவத்தையும் ஒப்பிட்டு வகைப்படுத்தப் பழகுகிறது. “இத ஏன் மக்களே இங்க போட்ட?” என்று பாட்டி கேட்கும்போது காரணம் சொல்லவும் கற்றுக்கொள்கிறது. கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. முந்திரி ஆலை வேலை முடிந்து களைத்து வரும் தாய்கூட, மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்தபடியே இப்படிப் பேசலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் வீட்டிலோ இந்தப் பேச்சே நின்றுபோகிறது. 2 முதல் 4 வயது வரை திரை பார்ப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

1975-இல் தொடங்கி, அங்கன்வாடிகள் வழியே நடக்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளில், பள்ளிக்கு முந்தைய வயதினருக்கான முன்பருவக் கல்வியும் ஒன்று. நம்மில் பலரோ அங்கன்வாடியைச் சத்துமாவும் முட்டையும் தரும் இடமாகவே பார்க்கிறோம். பதிவேடுகளையும், ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியையும் நிரப்புவதிலேயே பொழுது போனால், அங்கன்வாடி டீச்சர் கதை சொல்வது எப்போது? முற்பகல் நேரத்தையாவது பிள்ளைகளுக்கென்றே விட்டுவைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, முன்பருவப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ கூடாது என்று தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) 2019-இலேயே வழிகாட்டியிருக்கிறது. பள்ளிகளைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்கள் கட்டடச் சான்றையும் கழிப்பறையையும் சரிபார்ப்பதோடு நின்றுவிடாமல், எல்.கே.ஜி. பிள்ளைகளின் நோட்டுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தக்கலை.