கொலாஜன் சவ்வு: எல்லைப் பகுதிப் பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை தொடங்கி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஈறு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்கிற சிலர் சேர்ந்து எழுதுகிறோம். நம் பகுதியில் நோயாளிகளுக்குத் தமிழக–கேரள எல்லை ஒரு பொருட்டே இல்லை. மார்த்தாண்டத்தில் அறுவை முடித்தவர், இரண்டு மாதம் கழித்து மகள் வீட்டுக்குப் போன இடத்தில் நெய்யாற்றின்கரையில் பல்லைக் காட்டுவார். கையிலுள்ள சீட்டில் 'ஜி.டி.ஆர். செய்யப்பட்டது' (அதாவது சவ்வு வைத்துத் திசுவை வழிநடத்தும் அறுவை) என்று ஒரே வரி இருக்கும். எந்தப் பல், எந்தப் பக்கம், எந்தச் சவ்வு, எந்தத் தேதி என்று எதுவும் இருக்காது. அங்கே பார்க்கிற டாக்டர், பாவம், வழக்கம்போல புரோபை, அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விடும் அளவுக் கம்பியை விட்டு ஆழம் பார்த்துவிடுவார். ஆறு மாதத்துக்குப் புரோப் படக்கூடாத இடம் அது. உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு: சவ்வு பலன் தரும் இடத்தில் மட்டும் அதை வையுங்கள், வைத்ததை முழுமையாக எழுதிக் கொடுங்கள்.

ஈறுக்கு அடியில், எலும்பு கரைந்த குழியின்மேல் நாம் வைக்கிற மெல்லிய புரதத் தாள்தான் கொலாஜன் சவ்வு. அது எலும்பை வளர்ப்பதில்லை. இடத்தைக் காவல் காப்பதுதான் அதன் வேலை. அறுவைக்குப் பின் காயத்துக்குள் முதலில் ஓடிவருவது ஈறின் மேல்தோல். நாளொன்றுக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை இறங்கும். அது வேரை ஒட்டி இறங்கிவிட்டால், பல்லை எலும்போடு பிணைக்கும் பல்பற்று இழைக்கும் எலும்புக்கும் இடமே இருக்காது. வேரில் முதலில் வந்து குடியேறும் செல் எதுவோ அதுதான் ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்று ஆய்வாளர் மெல்ச்சர் 1976-இல் எழுதினார். 1982-இல் நைமன் குழுவினர் ஒரு வடிகட்டித் தாளைத் தடுப்பாக வைத்து, மனிதப் பல்லில் அதைச் செய்தும் காட்டினார்கள். அடுத்து வந்த டெஃப்லான் வகைச் சவ்வுகளை நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி திறந்து எடுக்க வேண்டியிருந்தது. கொலாஜன் தானே கரைந்துவிடுவதால் அந்த இரண்டாவது அறுவை தேவையில்லாமல் போனது. ஆனால் அதற்கு விறைப்பு கிடையாது. இதை மறந்து வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தோற்கிறது.

அதனால் முதலில் பல்லோரத்தில் எலும்பு கரைந்த குழியைப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமுள்ள, குறுகலான, இரண்டு அல்லது மூன்று எலும்புச் சுவர் நிற்கிற குழிதான் சவ்வுக்கு ஏற்றது. எக்ஸ்ரேயில் வேருக்கும் எலும்புச் சரிவுக்கும் இடையிலான கோணம் 25 டிகிரிக்குள் இருந்தால் நம்பி இறங்கலாம். 37-ஐத் தாண்டினால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கன்னப் பக்கத்து இரண்டாம் நிலை ஃபர்கேஷனும் (வேர்கள் பிரியும் இடத்து எலும்பு இழப்பு) நல்ல இடமே. புரோப் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிற மூன்றாம் நிலையில் வைக்காதீர்கள். எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இறங்கிய கிடைமட்ட இழப்பிலும் சவ்வு நிற்பதற்குச் சுவரே இல்லை. அங்கே நோயாளியின் பணம்தான் கரையும்.

வேர்சிகிச்சை செய்த பல்லில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புரோப் சட்டென்று ஆழமாக இறங்கி, பக்கத்தில் நகர்த்தினால் நிற்கிறதா? வேர் நெடுக்கில் கீறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீறல் என்றால் எந்தச் சவ்வாலும் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது. உயிரற்ற பல் என்றால் வேர்சிகிச்சையை முடித்துவிட்டு வாருங்கள். ஆடுகிற பல்லை அறுவைக்கு முன்பே பக்கத்துப் பல்லோடு கட்டிவிடுங்கள்.

பற்காரையை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்த பிறகுதான் அறுவையைப் பற்றிய முடிவே எடுக்க வேண்டும். அதற்குள் பல பாக்கெட்டுகள் (ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழ்ந்த இடைவெளிகள்) தாமாகவே சுருங்கிவிடும். அழுக்குப் படிந்த பல்பரப்புகள் வாய் முழுவதற்கும் சேர்த்து 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தேதி குறிக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7 சதவீதம் பக்கம் வரட்டும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போயிலை எல்லாம் நின்ற பிறகு செய்யுங்கள். இதில் கண்டிப்பாக இருப்பதுதான் நோயாளிமேல் காட்டுகிற அக்கறை.

இனி அறுவை. பற்களுக்கு இடையிலுள்ள ஈறு முனையை முழுசாகக் காப்பாற்றும் விதத்தில் கீறுங்கள். கீறல் கோடு குழிக்கு நேர் மேலே விழக்கூடாது. குழியிலுள்ள சதைத் துணுக்கை ஒன்று விடாமல் எடுத்த பிறகுதான் சுவர்கள் கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் மூன்று சுவராகத் தெரிந்தது திறந்தபின் ஒற்றைச் சுவராக இருப்பதும் உண்டு. அப்படியானால் திட்டத்தை அங்கேயே மாற்றுங்கள்.

சவ்வை நேராக வெட்டாதீர்கள். தையல் நூல் வந்த பொட்டலத்தின் உள்பக்கத்து ஸ்டெரைல் ஃபாயிலில் ஒரு துண்டு எடுத்து, குழியின்மேல் வைத்து, விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 2 முதல் 3 மில்லிமீட்டர் நல்ல எலும்பில் படியும்படி வடிவம் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவில் சவ்வை உலர்ந்த நிலையிலேயே நறுக்குங்கள். நனைந்துவிட்டால் கையுறை விரலில் ஒட்டிச் சுருண்டுகொள்ளும், கத்தரி வழுக்கும். நறுக்கியபின் ஸ்டெரைல் சலைனில், உற்பத்தியாளர் சொன்ன நிமிடங்கள் மட்டும் ஊறவையுங்கள். இரண்டு முகமும் வேறாக உள்ள சவ்வு என்றால் சொரசொரப்பான பக்கம் எலும்பைப் பார்க்க வேண்டும், வழவழப்பான பக்கம் ஈறைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இது தலைகீழாகிவிடும். ஒரு மூலையைச் சிறிதாகக் கத்தரித்து அடையாளம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அகலமான குழியில் கீழே தாங்க ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் ஈறின் கனத்தில் சவ்வு உள்ளே சரிந்து வேரில் ஒட்டிக்கொள்ளும். குழியை நிரப்பும் எலும்புத் துகளைச் சுவரின் மட்டம் வரை மட்டும் போடுங்கள், குத்தி இறுக்க வேண்டாம். துகளுக்கு நடுவே ரத்தம் புகுந்து உறைய இடம் வேண்டும். குறுகலான மூன்று சுவர்க் குழிக்கு அநேகமாகத் துகளே தேவைப்படாது.

பெரும்பாலான தோல்விக்கு வித்து விழுவது தையலில். சவ்வைப் பல்லைச் சுற்றி, கரையும் நூலால் அசையாமல் கட்டிய பிறகு ஈறைச் சவ்வின்மேல் கொண்டுவந்து விரலால் பிடித்துப் பாருங்கள். விளிம்பு வெளுக்கிறதா? அது இழுபடுகிறது என்று பொருள். நாலைந்து நாளில் பிரிந்துவிடும். பிரித்துத் தூக்கிய ஈறு மடலின் அடியில் பெரியாஸ்டியத்தை (எலும்பைப் போர்த்தும் உறையை) புதுக் கத்தியால் ஆழமில்லாமல் கீறித் தளர்த்துங்கள். இழுக்காமலே இரு விளிம்பும் தொட வேண்டும். முதலில் விளிம்பிலிருந்து தள்ளிப் போடும் ஒரு மேட்ரஸ் தையல் இழுவிசையைத் தாங்கட்டும், அதன்மேல் 5-0 அளவு மெல்லிய ஒற்றையிழை நூலால் விளிம்பைச் சேருங்கள். பட்டு நூல் எச்சிலை உறிஞ்சிக் கிருமி சேர்க்கும், இங்கே வேண்டாம். நன்றாக மூடாத காயத்தை ஆன்டிபயாடிக் மாத்திரை காப்பாற்றாது.

சவ்வு வெளியே தெரிந்துவிட்டால் பிடுங்காதீர்கள். கிருமிகளின் நொதி வெளியே தெரிகிற பகுதியைச் சீக்கிரமே கரைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் சீழ் இல்லாவிட்டால், கிருமிநாசினிக் கொப்பளிப்பான குளோர்ஹெக்ஸிடின் கொடுத்து வாரம் ஒருமுறை பார்த்துவந்தாலே பல காயங்கள் மேலே மூடிக்கொள்ளும்.

மிச்சமான சவ்வுத் துண்டை எடுத்து வைத்து அடுத்தவருக்கு வைக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் இன்றோடு நிற்க வேண்டும். ஆட்டோகிளேவின் சூட்டில் கொலாஜன் ஜெலட்டினாகிவிடும். பார்வைக்குச் சவ்வாக இருந்தாலும் தடுப்பாக நிற்காது. தொற்று அபாயம் வேறு. 15-க்கு 20 மில்லிமீட்டர் போதும் என்கிற இடத்துக்கு அந்த அளவையே வாங்குங்கள்.

தேதி குறிப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் படகேறினால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிக்க வேண்டும். அந்தப் பகுதியில் நான்கு வாரமாவது பிரஷ் படாமல், 0.2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் பத்து மில்லி, காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்க வேண்டும். வாரா வாரம் சுத்தம் செய்ய வர வேண்டும். ஆகவே கரையில் இருக்கப்போகும் நாளைக் கேட்டுத் தேதி கொடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் அவருக்கும் நமக்கும் தோதானது. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவரைப் பிற்பகலில் வரச்சொன்னால் தவறாமல் வருவார்.

சவ்வு எதிலிருந்து வந்தது என்று அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். சந்தையில் இருப்பவற்றில் சில மாட்டிலிருந்தும் சில பன்றியிலிருந்தும் சில மீனிலிருந்தும் எடுக்கப்படுபவை. எலும்புத் துகளுக்கும் இதே கேள்வி உண்டு. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே பெஞ்சில் காத்திருக்கும் ஊர் இது. 'கொலாஜன்' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. அவர் வேண்டாம் என்றால் வேறு மூலத்துச் சவ்வு இருக்கிறது. மீன் ஒவ்வாமை உண்டா என்றும் கேளுங்கள். மீன் சாப்பிட்டால் தடிக்கிறவருக்கு மீன் சவ்வு வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2006 தொகுப்பில், வெறும் ஈறு மடல் அறுவையைவிடச் சவ்வு வைத்ததில் பல்லோடு திசுவின் பற்றுதல் சராசரியாக 1.22 மில்லிமீட்டர்தான் கூடுதல். சரியான இடத்தில் அந்த மில்லிமீட்டர் பல்லைக் காக்கும். 'எலும்பு முழுசா வளந்திரும்' என்பது பொய். மாட்டெலும்புத் துகள் வைத்த மறுநாளே எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அது துகள், புது எலும்பு அல்ல. அந்தப் படத்தைக் காட்டி வெற்றி என்று சொல்லாதீர்கள். ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் அதே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, சீட்டு. தமிழிலோ மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். ஆனால் பல் எண், பக்கம், அறுவைக்கு முந்தைய ஆழம், குழியில் நின்ற சுவர்கள், சவ்வின் பெயர், அது எந்த விலங்கிலிருந்து வந்தது, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), துகள் வைத்திருந்தால் அதன் விவரம், அறுவை நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சவ்வுப் பெட்டிக்குள் லாட் எண் ஸ்டிக்கர் இருந்தால் ஒன்றை உங்கள் பதிவேட்டிலும் ஒன்றை நோயாளியின் சீட்டிலும் ஒட்டுங்கள். அதன் கீழே, எந்தத் தேதி வரை இந்த இடத்தில் புரோப் வைக்கக்கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
எல்லையின் இரு பக்கமும் ஈறு நோய் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் சிலர்