தரிசு என்று எழுதிய கை

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை டேராடூனிலிருந்து நீ தொலைபேசியில் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்திய வனப்பணித் தேர்வை மறுபடியும் எழுதுவதா, பல்லுயிர்ச் சட்டம் தொடர்பாகச் சென்னையில் கிடைத்திருக்கும் ஒப்பந்தப் பணியில் சேருவதா, இரண்டையும் விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போவதா என்று கேட்டாய். கூடவே, அரசு வேலை என்றால் காலமெல்லாம் கோப்புதானே பார்க்க வேண்டும் என்று சலித்துக்கொண்டாய். முப்பத்து மூன்று ஆண்டுகள் வருவாய்த் துறையில் கோப்பு பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அந்தச் சலிப்புக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

நீ நான்காம் வகுப்பு படித்தபோது ஊருக்கு வடக்கே செம்மண் மேட்டில் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகளைக் கண்டுபிடித்தாயே, நினைவிருக்கிறதா? கூடு என்று எதுவும் இல்லை. சரளைக் கற்களுக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே, கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள், கூர்முனை உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தன. தாய்ப்பறவை நம் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. பறவை பயப்படுகிறது என்று சொல்லி உன்னை நான் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அது பாதி உண்மைதான். முட்டைகளிலிருந்து பத்தடி தள்ளிப் புதிதாக ஒரு நில அளவைக் கல் நடப்பட்டிருந்தது. அந்தக் கல் அங்கே வருவதற்கான கோப்பை எழுதியவள் நான்.

அந்த மேடு கிராமக் கணக்கில் மேய்ச்சல் புறம்போக்கு. ஒரு துறை கிடங்கு கட்டுவதற்காக நில மாற்றம் கேட்டிருந்தது. ‘தரிசு, முட்புதர் மண்டியுள்ளது, மரங்கள் ஏதுமில்லை, மாற்றம் செய்ய ஆட்சேபனை இல்லை’ என்று கிராமத்திலிருந்து அறிக்கை வந்தது. அதையே குறிப்புத் தாளில் பிழையில்லாத தமிழில் எழுதி மேலே சமர்ப்பித்தேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தாலும் வேறு எதையும் எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே. அங்கே முளைக்கும் புற்களின் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே ஆடு மேய்த்த குடும்பங்களை யாரும் எண்ணவில்லை. நிரப்ப வேண்டிய படிவத்தில் இவற்றுக்கென்று ஒரு கட்டமும் இல்லை. கோப்பு பார்ப்பதால் அந்த மேடு போகவில்லை, கயல். பார்க்கத் தெரியாதவள் கோப்பு பார்த்ததால் போயிற்று.

தரிசு என்பது கஜானாவின் சொல். தீர்வை விதிக்கப்பட்ட தரிசு, தீர்வை விதிக்கப்படாத தரிசு என்றுதான் எங்கள் பதிவேடுகள் பிரிக்கும். அந்த நிலத்திலிருந்து அரசுக்கு என்ன வரும் என்பதைத்தான் அவை சொல்கின்றன, அங்கே என்ன வாழ்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஆனால் எழுதி எழுதி, அதுவே நிலத்தின் இயல்பாகிவிட்டது. நீலகிரியின் புல்வெளிகளில் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் நட்டு நிரப்பியதற்குப் பின்னால் இருந்ததும் புல் மட்டும் வளரும் நிலம் வீண் நிலம் என்ற எண்ணமே. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் இன்றைக்கும் புதர்க்காடுகள் ஒரு வகையாக இடம்பெற்றிருக்கின்றன.

‘காடு’ என்ற சொல்லின் கதையை உன் பாடத்திலேயே படித்திருப்பாய். கூடலூர்ப் பகுதிக் காடுகளைப் பற்றித் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், உடைமை யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று சொன்னது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வந்த திருத்தம் அந்தப் பொருளைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், இப்போதைக்குப் பழைய பொருளையே பின்பற்றுமாறு இடைக்கால உத்தரவிட்டது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இத்தனை ஆண்டுகளாகக் கோப்பிலும் நீதிமன்றத்திலும்தான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்கள். புல்லையும் பூச்சியையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த நீ அந்த இடத்தில் இல்லாவிட்டால், என்னைப் போன்ற ஒருத்திதான் இருப்பாள்.

தேர்வைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. 2013 முதல் முதல்நிலைத் தேர்வு குடிமைப்பணித் தேர்வோடு சேர்ந்தே நடக்கிறது. 2023 முதல் 2025 வரை நாடு முழுவதற்கும் 150 இடங்கள் என்ற அளவில்தான் அறிவித்தார்கள். பெண்கள் நான்கு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும் என்ற சோதனை உனக்குப் பொருட்டல்ல. வயது இருக்கிறது, வாய்ப்புகளும் மிச்சம் இருக்கின்றன, எழுது. ஆனால் வனப்பணி ஒன்றுதான் வாசல் என்று நினைத்து மற்றவற்றைத் தாழ்வாக எண்ணாதே.

சென்னை வேலையை நான் இத்தனை அக்கறையோடு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், நான் அறிந்த வரையில், ஊராட்சியின் கையில் எழுதுகோலைக் கொடுத்த சட்டம். தேசியப் பல்லுயிர் ஆணையம் 2003 முதல் நம் சென்னையில் இருக்கிறது. அதற்குக் கீழே மாநில வாரியம். அதற்கும் கீழே ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு. அந்தக் குழு ஊர் மக்களைக் கேட்டுத் தன் எல்லைக்குள் இருக்கும் செடி, கொடி, பயிர், கால்நடை, வைத்திய அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் நிரப்பிய படிவத்தில் இல்லாத கட்டம் இதில் இருக்கிறது.

நடந்தது வேறு. பதிவேடுகளை 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாநிலங்கள் மாதத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் செலுத்த நேரிடும் என்று, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்ததும் நாடெங்கும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் தயாராயின. அந்த நாட்களில் என் மேசைக்கு வந்த ஒரு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஊர். பட்டியலில் அலையாத்தி மரம் இருந்தது. வேறோர் ஊரின் பதிவேட்டில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கீழே தலைவரின் கையொப்பமும் முத்திரையும் ஒழுங்காக இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் கிடங்குக் கோப்பு நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பதிவேடு சரியாக இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அகத்தியமலைப் பழங்குடிகளான காணிக்காரர்களை நினைத்துக்கொள். 1987இல் அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் மலையேறுவதைப் பார்த்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து கேரளத்தின் பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. 1995இல் உற்பத்தி உரிமத்துக்குக் கிடைத்த தொகையிலும் உரிமைப் பங்கிலும் பாதியைக் காணிக்காரர்களுக்கு என்று ஒதுக்கியது. சட்டம் வருவதற்கு முன்பே செய்த நல்ல காரியம். ஆனால் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் அறக்கட்டளை 1997இல்தான் பதிவாயிற்று. காட்டில் மருந்துக்கு வேண்டிய இலையைப் பறிக்க யார் அனுமதி தருவது என்ற கேள்வியில் இலை வரத்தே சிக்கலானது. விஞ்ஞானிகளும் நேர்மையாக நடந்துகொண்டார்கள், காணிக்காரர்களும் நம்பிக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த காகிதத்தை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. கொள்கை வகுக்கும் வேலை என்று நீ பெரிதாகச் சொல்வது, என் பாஷையில், அந்தக் காகிதத்தை முன்கூட்டி யோசிப்பதுதான்.

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, ஒரு லட்சம் முதல் ஐம்பது லட்சம் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். மருத்துவ நிறுவனங்களுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டார்கள் என்று நீ கோபப்பட்டாய். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் ஐம்பது லட்சத்துக்கும் நடுவே எந்தத் தொகை என்பதை ஓர் அலுவலர், முன்னால் வைக்கப்படும் குறிப்பைப் படித்துத்தான் முடிவு செய்யப் போகிறார். அந்தக் குறிப்பை எழுதுவதும் ஒருவர்தானே.

அரிட்டாப்பட்டியைப் பார். மேலூர் பக்கம் அந்த மலைகளை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், பரப்பு 193.215 ஹெக்டேர் என்று மூன்று தசம இடம் வரை கணக்கு. எனக்கு அந்தத் தசமங்களைப் பார்த்ததும் மகிழ்ச்சி, ஏனென்றால் யாரோ ஒருவர் புல எண் ஒன்றைக்கூட விடாமல் கூட்டியிருக்கிறார். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலத்தில் போனது. மக்கள் திரண்டார்கள், டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காப்பாற்றியவர்கள் தெருவில் நின்றவர்களே, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் கையில் பிடித்துக் காட்டுவதற்கு ஓர் அரசாணை இருந்தது. நம் செம்மண் மேட்டுக்காக யாராவது தெருவில் நின்றிருந்தால் கையில் என்ன இருந்திருக்கும்? என் குறிப்புதான்.

ஒப்பந்தப் பணியின் குறைகளை மறைக்க மாட்டேன். பொதுவாக ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்புக்குக் காத்திருக்க வேண்டும், ஓய்வூதியம் இல்லை, குறிப்பு நீ எழுதினாலும் கையொப்பம் வேறொருவருடையதாக இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதில் இருக்காதே என்பது என் எண்ணம். அந்த இரண்டு ஆண்டுகளில் தேர்வையும் எழுது. முனைவர் பட்டம் அதற்குப் பிறகும் ஓடிப்போய்விடாது. சேர்ந்தால், கோப்பில் வரும் இடங்களில் மாதம் ஒன்றையாவது நேரில் போய்ப் பார், பயணப்படி தராவிட்டாலும் பார். உன் குறிப்பில் ‘ஏதுமில்லை’ என்று எழுத நேர்ந்தால், எந்த மாதம், எந்த நேரத்தில் பார்த்தாய் என்பதையும் சேர்த்து எழுது.

உன் இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.) சான்றிதழ் சென்ற ஆண்டினது. சென்னை அலுவலகத்தில் ஏற்க மாட்டார்கள். புதியதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டேன், வந்ததும் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். சேரும் தேதியை வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அப்பா தரமணிப் பக்கம் தங்கும் இடம் விசாரிப்பார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா