ரெண்டு சீட்டு வண்டியும் நாலு பேர் வாயும்

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

ஜெர்மனியில் நீ அந்த ரெண்டு சீட்டு மஸ்தா காரை வாங்கியதிலிருந்து எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள் என்று அனுப்பிய நீளமான மெசேஜை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்துக் காட்டினாள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியில் விழுந்த அந்தக் கீறல். யாரோ வயிற்றெரிச்சலில் சாவியால் கிழித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கு அப்படித் தெரியவில்லை. சாவியால் கிழிப்பவன் நடந்துகொண்டே கிழிப்பான். கோடு ஒரு பேனலில் ஆரம்பித்து அடுத்த பேனல் வரை போகும், நடுவில் நெளியும். உன் வண்டியில் இருப்பது ஒரு விரல் நீளம்கூட இல்லை. கூடவே சின்னப் பள்ளம், அதன் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை பெயிண்ட். பக்கத்தில் நிறுத்திய வெள்ளைக் கார்க்காரர் கதவை அகலமாகத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். நகத்தால் வருடிப் பார். நகம் மாட்டவில்லை என்றால் பாலிஷிலேயே போய்விடும். மாட்டினால் டச்சப் செய்யவேண்டியிருக்கும். இனிமேல் யாராவது வேண்டுமென்றே கிழித்தால் போலீஸில் எழுதிக் கொடு. அந்த ஊரில் ஃபோல்காஸ்கோ என்கிற முழு இன்சூரன்ஸ் இருந்தால்தான் அதற்குப் பணம் வரும், டைல்காஸ்கோ என்கிற பகுதி இன்சூரன்ஸில் வராது. உன்னிடம் எது இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடு.

கீறலை ஏன் முதலில் எடுத்தேன் தெரியுமா? ஆசைப்பட்டு வண்டி வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாள் ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். ஒர்க்ஷாப்பில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். டயரில் ஆணி ஏறினால்கூட பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகம் வரும். பொறாமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் கதவு இடித்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தால், உண்மையிலேயே யார் என்ன நினைக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும்.

இப்போது நம் வீட்டு வாட்ஸப் குரூப்புக்கு வருவோம். பெரியப்பா மகன் தைப் பொங்கலுக்கு ஃபார்ச்சூனர் வாங்கினான். மருதமலை அடிவாரத்தில் பூஜை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், குரூப் முழுக்க மாலை போட்ட போட்டோ. எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டார்கள். நீ அந்தச் சிவப்பு மஸ்தா MX-5-க்குப் பக்கத்தில் நின்று ஒரே ஒரு போட்டோ போட்டாய். உடனே கேள்விகள் வந்தன. "அப்பா அம்மா எங்கே உட்காருவாங்க?" "கல்யாணத்துக்கு அப்புறம் என்ன செய்வே?" "கூரையே இல்லாத வண்டிக்கு இவ்வளவு காசா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன்னுடையது ஐந்து வருஷம் ஓடிய வண்டி, 19,000 யூரோ. அவன் கொடுத்ததில் பாதிகூட இல்லை. உன்னுடையதில் ஒன்றரை லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறனை ஒட்டி வரும். ஃபார்ச்சூனரில் 2.8 லிட்டர் டீசல், 200-க்கு மேல். எடையில் உன் வண்டி ஒரு டன் அளவுதான், அது இரண்டு டன்னுக்கு மேல். விலை, சக்தி, எடை மூன்றிலும் அவன்தான் பெரிய ஆள். ஆனாலும் கேள்வி கேட்டது உன்னைத்தான்.

ஏனென்றால் ஏழு பேர் உட்காரும் வண்டியைக் குடும்பத்துக்காக வாங்கினேன் என்று சொல்லிவிடலாம். வீடு வாங்கினால் முதலீடு. நகை வாங்கினால் பெண்ணுக்குச் சேர்த்து வைப்பது. எதை வாங்கினாலும் நம் ஆட்களுக்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் அடுத்தவருக்குப் பயன்படுகிற காரணமாக இருக்கவேண்டும். ரெண்டு சீட்டு வண்டிக்கு அப்படி எதையும் சொல்ல முடியாது. கூரையை ஒரு கையால் பின்னால் தள்ளிவிட்டு, கியர் மாற்றி, மலைப்பாதையில் போகலாம். அதற்கு மட்டும்தான் அந்த வண்டி. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியபோதும் அவ்வளவுதான், 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தபோதும் அவ்வளவுதான். அதை வாங்கியவர் தன் சந்தோஷத்துக்காக வாங்கினார் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். நம் சனங்களுக்கு உறுத்துவது அதுதான் கண்ணு, உன் பணம் இல்லை. தங்களுக்கு யாரும் அந்த அனுமதியைக் கொடுக்கவில்லை, நீ யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊருக்குக் கார்ப் பந்தயம் புதிது இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த காலத்தில் எங்கள் முதலாளியோடு டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துச் சின்னச் சின்னப் பந்தயக் கார்கள் செய்ததை ஊர் பெருமையாகப் பேசியது. அவர் பெயரில்தான் இன்றைக்கும் செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை இருக்கிறது. 2005-ல் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியபோது தன் பிள்ளையே ஜெயித்த மாதிரி எல்லோரும் கொண்டாடினோம். அப்போது இந்த ஊரில் ஒருவருக்கும் வயிறு எரியவில்லை. அவர் பந்தயக்காரர் வீட்டுப் பிள்ளை, அது அவருக்குப் பொருந்தியது. கணபதி மெக்கானிக் மகள் கூரை திறக்கிற கார் வாங்கினால் மட்டும் வரிசை கலைந்த மாதிரி இருக்கிறது. வேகத்தை ரசிக்க மில் வைத்திருக்கவேண்டும் என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் மனசுக்குள் அந்தச் சட்டம் இருக்கிறது. ஊரான் வண்டியை டெஸ்ட் டிரைவ் பார்த்தே என் காலம் போனது. எனக்கே உன் மேல் ஒரு சொட்டுப் பொறாமை உண்டு, அம்மாவிடம் சொல்லாதே.

ஆபீஸில் அந்த ஆள் சொன்னானாமே, "இங்கே வந்தவர்களுக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது" என்று. அவனுக்கு உறுத்துவது கார் இல்லை, நீ அங்கே இருப்பது. போர்ஷேயும் மெர்சிடிஸும் செய்கிற ஊரில் பழைய மஸ்தாவைப் பார்த்து எவன் ஏங்கப் போகிறான்? அவனுக்கு நீ பதில் சொல்லத் தேவையில்லை. திரும்பவும் அதையே பேசினால் மேலே எழுதிக் கொடு, சிரித்து மழுப்பாதே.

உன் தோழி விஷயம்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வண்டி வந்ததிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, கூப்பிட்டால் வேலை என்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஈரோட்டுப் பெண்ணை எனக்குத் தெரியும். 2018-ல் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போனீர்கள். விசாவுக்காக பேங்கில் முடக்கி வைக்கச் சொன்ன 8,640 யூரோவைப் புரட்ட நானும் அவள் அப்பாவும் ஒரே மாதிரித்தான் அலைந்தோம். நான் ஒர்க்ஷாப் பத்திரத்தை வைத்தேன், அவர் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றார். அப்புறம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் அந்த 1,500 யூரோ ஃபீஸ். நீ கடனை அடைத்துவிட்டாய். அவள் இன்னும் கட்டுகிறாள், தம்பி படிப்புக்கும் அனுப்புகிறாள். எங்கேயோ இருக்கிற கோடீஸ்வரனைப் பார்த்து யாரும் வெந்துபோவதில்லை கண்ணு. ஒரே கோட்டில் நின்று ஓட ஆரம்பித்தவள் நாலடி முன்னால் போனால்தான் வலிக்கும். அவளைப் பொறாமைக்காரி என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவள் எது பேசினாலும் உனக்கு அப்படித்தான் கேட்கும்.

அவளிடம் போய் "என் மேல் கோபமா?" என்று கேட்காதே. அவளால் உண்மையும் சொல்ல முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. "அது பழைய வண்டிதான், சும்மா வாங்கினேன்" என்று உன்னைக் குறைத்தும் பேசாதே, அது இன்னும் மோசம். அவளுக்கு எட்டாததை நீ சும்மா என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு சனிக்கிழமை ட்ராமில் ஏறி அவள் வீட்டுக்குப் போ. வண்டியைப் பற்றி நீயாக எடுக்காதே, அவளாக எடுத்தால் ஒளிக்காதே. எப்போதும்போல் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வா. உடனே சரியாகும் என்று நான் சொல்லமாட்டேன். சில சிநேகம் இந்த இடத்தில் தேய்ந்துபோவதும் உண்டு. போகும்போது குத்தலாக ஏதாவது சொன்னாலும் ஒரு முறை, இரண்டு முறை விட்டுவிடு. அதுவே வழக்கமானால், "எனக்கு இது வலிக்கிறது" என்று நேரிலேயே சொல். மெசேஜில் வேண்டாம்.

என்றாவது அவள் வண்டியில் வர ஆசைப்பட்டால் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போ. பாடன்-பாடனிலிருந்து பிராய்டன்ஷ்டாட்டுக்குக் காட்டு வழியே போகிற அந்த மலைரோட்டில் போகலாம். ஆனால் சாவியை யாரிடமும் கொடுக்காதே, அவளிடமும் சரி, லீவுக்கு வருகிற சித்தி மகனிடமும் சரி. யார் யார் ஓட்டுவார்கள் என்று எழுதிக் கொடுத்துத்தானே அங்கே இன்சூரன்ஸ் போடுகிறார்கள்? பாசத்துக்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு ஆக்ஸிடென்ட் ஆனால் வண்டியும் போகும், உறவும் போகும்.

வண்டியை விற்றுவிடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். கடன் நெருக்கினால் விற்றுவிடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். பேச்சுக்குப் பயந்து விற்காதே. தொண்ணூறுகளில் எங்களிடம் ஒரு மில் மேனேஜர் வருவார். ஆசைப்பட்டு ஒரு கான்டெஸ்ஸா வாங்கினார், இசுசு எஞ்சின் போட்டது, நல்ல வண்டி. பங்காளிகள் பேசினார்கள் என்று அதைக் கவர் போட்டு மூடி இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போனார். ஓடாத வண்டி என்ன ஆகும் என்று நீ ஒர்க்ஷாப்பில் வளர்ந்தவள், உனக்கே தெரியும். பேட்டரி செத்தது, பிரேக் பிடித்துக்கொண்டது, டேங்கில் துரு, எலி வயரிங்கைக் கடித்துப் போட்டது. கடைசியில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். பங்காளிகள் பேச்சை நிறுத்தினார்களா? "அன்றைக்கே சொன்னோம், கேட்டானா?" என்று அதையும் பேசினார்கள்.

அதனால் ஓட்டு. குரூப்பில் வாராவாரம் போட்டோ போடாதே, அதற்காக ஒளித்தும் வைக்காதே. விலை கேட்டால் உள்ளதைச் சொல். ஏன் வாங்கினாய் என்று கேட்டால் "பிடித்திருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்து. அதற்கு மேல் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அவர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி இருக்கும். அம்மா கறுப்புக் கயிறு பார்சலில் அனுப்புகிறாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, அவளுக்கு இருக்கிறது. உள்ளே கண்ணாடியில் தொங்கவிடாதே, பார்வையை மறைக்கும். சாவி வளையத்தில் கட்டிக்கொள். எலுமிச்சம்பழம் ஏற்றச் சொன்னால் ஏற்றிவிட்டுத் தெருவைத் துடைத்துவிடு, உன் வீட்டுக்கார அம்மா சண்டைக்கு வரப் போகிறார்.

உன்னுடையது வருஷத்தில் சில மாதம் மட்டும் செல்லுகிற சீசன் நம்பர் பிளேட், அக்டோபரோடு முடிகிறது என்றாயே. அதற்கப்புறம் தெருவில் நிறுத்தவும் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். கராஜில் ஏற்றும் முன் டேங்கை நிரப்பு, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வை, பேட்டரிக்கு சார்ஜர் போட்டு விடு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைக்காதே, கியரில் விட்டுக் கட்டை கொடு.

அப்புறம் அத்தை. "எங்கே உட்காருவாங்க" என்று கேட்டது அத்தைதான், அது உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். அவர் மகனுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது, வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதார். நான் உனக்கு எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு போன் போடு. அங்கே அவன் படிப்புக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று விசாரித்து வைத்துக்கொண்டு போடு.

அன்புடன்,
அப்பா