கூண்டுகளுக்கு நடுவே ஒரு முழம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டிலிருக்கும் இரண்டு ஆண் எலிகளோடு புதிதாக இரண்டு பெண் எலிகளையும் வளர்க்கப் போவதாகவும், இரு கூண்டுகளையும் ஒட்டினாற்போல் வைத்தால் ஒன்றுக்கொன்று பேச்சுத்துணையாக இருக்குமே என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே அறையில் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒட்டி வைப்பதில்தான் இருக்கிறது. ஆண்கள் இருவரும் தங்களுக்குள் துணை, பெண்கள் இருவரும் தங்களுக்குள் துணை. அதற்கு மேல் அவற்றுக்கு ஒன்றும் குறைவில்லை.

நான் பட்டதைச் சொல்கிறேன். வெள்ளைச்சி என்னிடம் வந்தபோது அவளுக்கு ஏழு வாரம். வளர்ந்த எலிகளுக்கென்று நான் வாங்கியிருந்த கூண்டில் கம்பிக்குக் கம்பி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தது. ஆண்களின் கூண்டும் அதே அளவுதான். ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால், அவள் ஆண்களின் துணித்தொட்டிலில் இருவருக்கும் நடுவே சுருண்டு, மூக்கைக் கருப்பனின் வயிற்றில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அடித்துப்பிடித்து எடுத்து அவள் கூண்டில் விட்டேன். இருபத்திரண்டாம் நாள், காகிதக் கிழிசல்களால் அவள் கட்டியிருந்த கூட்டுக்குள் சுண்டுவிரல் நுனி பருமனில் ஒன்பது குட்டிகள், செக்கச்செவேலென்று.

சின்னஞ்சிறிது, இன்னும் விவரம் தெரியாது என்று நாம் நினைக்கும் வயதிலேயே எலிகள் குட்டி போடத் தயாராகிவிடுகின்றன. ஐந்து வாரத்திலேயே சிலவற்றுக்கு அந்தப் பக்குவம் வந்துவிடும். அதன்பிறகு பெண் எலி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில், சில மணி நேரம் பருவத்துக்கு வரும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. முதுகை லேசாகத் தொட்டால் ஒரு துள்ளுத் துள்ளி, முதுகைக் குழித்துப் பின்புறத்தைத் தூக்கி அப்படியே விறைத்து நிற்பாள். காதுகள் இரண்டும் தும்பியின் இறகுபோல் படபடவென அதிரும். அந்த இரவுகளில் எதிர்க்கூண்டில் ஆண்கள் கம்பியைக் கடிப்பதும், தங்களுக்குள் முட்டி மோதிக்கொள்வதும் உண்டு. இணைசேர்வது சில நொடிகளில் முடிந்துவிடும் என்பதால், கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறேன் என்று இரு தரப்பையும் ஒன்றாக உலவ விடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். உலாவும் நேரம் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அப்போதும் மற்றவர்களின் கூண்டின் மீது ஏறவிடாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் கீழிருந்து கால்விரலைக் கடித்துவிடுவார்கள்.

ஆகவே இரு கூண்டுகளுக்கும் நடுவே ஒரு முழமாவது இடம் விடுங்கள். நீட்டிய மூக்கும் வாலும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இளம் பெண் எலிகளுக்குக் கம்பி இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. வாசனை போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். சில நாளில் பழகிவிடும். வாங்கும்போது இரண்டும் பெண்தானா என்பதையும் நீங்களே ஒருமுறை வாலைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். விற்பவர் சொல்லை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

நால்வரும் ஒன்றாக வாழ்வதுதான் உங்கள் ஆசை என்றால் அதற்கு வழி, எலிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் ஆண்கள் இருவருக்கும் காயடித்துவிடுவது. அதுவும் மறுநாளே சேர்த்துவிடும் காரியமல்ல. உடலில் தங்கியிருக்கும் விந்து தீரச் சில வாரங்களாகும். கருப்பனை நான் ஆறு வாரம் காக்க வைத்தேன். இப்போது அவன் பெண்களின் கூண்டில்தான் இருக்கிறான், அவர்களுக்கு அடங்கி.

குட்டிகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடி சினையாகிவிடும் என்பதால் ஆண்களின் பக்கமே அவளை விடவில்லை. ஐந்தாம் வாரம் ஆண் குட்டிகள் நாலையும் பிரித்துத் தனிக்கூண்டில் வைத்தேன். ஒன்பதுக்கும் வீடு தேடி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று; ஒன்றை உங்கள் தலையில் கட்டலாமா என்றுகூட அப்போது யோசித்தேன்.

உங்கள் கூண்டின் கம்பி இடைவெளியை அளந்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை பெண் எலிகளை அழைத்துவர வேண்டாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்