உடைந்த லேப்டாப் லாட்டுக்கு என்ன விலை கேட்பது?

சென்னை
8.2.2026

அன்புள்ள செந்திலுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்கு லீவு விட்டாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்க் கல்லூரியில் பழைய, உடைந்த கம்ப்யூட்டர்களை லாட்டாக, அதாவது மொத்தமாக ஒரே விலைக்குத் தள்ளுகிறார்கள், என்ன விலை கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். இப்போது எங்கே பார்த்தாலும் இதே கதைதான். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றுவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஓடுகிற மெஷினையே ஓரங்கட்டுகிறார்கள், ஓடாதது அதோடு சேர்ந்து வருகிறது. அதனால் இந்த லாட் போனால் இன்னொன்று வரும், அவசரப்படாதே.

நீ போட்டு அனுப்பிய கணக்கையும் பார்த்தேன். ஒவ்வொரு லேப்டாப்பையும் சரிசெய்து விற்றால் இவ்வளவு, அதில் செலவு போக இவ்வளவு என்று மேலிருந்து கழித்துக்கொண்டு வந்திருக்கிறாய். இந்தத் தொழிலில் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். ஒன்றுகூட ஓடவில்லை, எல்லாம் கிலோவுக்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டு அதில் என்ன தேறும் என்று பார். அதற்கு மேல், நீ கையால் சோதித்துப் பார்த்த பொருளுக்கு மட்டும் கூட்டு. விற்பவர் “சின்ன ஃபால்ட்தான் சார்” என்று சொல்வதற்கு ஒரு ரூபாயும் கூட்டாதே. சின்ன ஃபால்ட் என்றால் அவரே சரிசெய்து விற்றிருப்பார்.

கிலோவிலும் எல்லாம் ஒரே விலை இல்லை. மதர்போர்டு, ராம், ப்ராசஸர், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை என்று பிரித்து வைத்தால்தான் காசு. ராமின் விளிம்பில் தங்க முலாம், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் தாமிரம், ஹார்ட் டிஸ்க்கின் உடம்பு அலுமினியம். மொத்தமாகக் கொட்டினால் காயலாங்கடைக்காரர் இருப்பதிலேயே மட்டமான விலையைத்தான் போடுவார். கம்ப்யூட்டர் லேப் மூலையில் அந்தக் காலத்து 486 மாதிரி செராமிக் உடம்பு ப்ராசஸர் ஏதாவது கிடந்தால் தனியாக எடுத்து வை. அதில் தங்கம் கூடுதல், சேர்த்து வைக்கிற ஆசையில் வாங்குகிறவர்களும் உண்டு. யூடியூப்பைப் பார்த்து ஆசிட் ஊற்றித் தங்கம் எடுக்கக் கிளம்பிவிடாதே, அந்தப் புகை நுரையீரலைத் தின்றுவிடும்.

போன வருஷக் கடைசியில் ராம் விலை எகிறியதிலிருந்து, லாட் வருவதற்கு முன்பே யாராவது ராமை உருவிவிடுகிறார்கள். உன் கண் முன்னாலேயே நாலைந்து மெஷினைத் திறக்கச் சொல். மாட்டேன் என்றால் எல்லாமே காலி என்று வைத்து விலை கேள்.

திறந்ததும் முதலில் திருகுகளைப் பார். தலை தேய்ந்திருந்தால் ஏற்கெனவே யாரோ கை வைத்திருக்கிறார்கள். சிப்பைச் சுற்றிப் பழுப்பாக ஃப்ளக்ஸ் கறை (சால்டர் வைக்கும்போது பூசுகிற பசை) இருந்தால் சூடுபோட்டுப் பார்த்துக் கைவிட்ட போர்டு, அதைக் கிலோவில் சேர்த்துவிடு. கனெக்டர் ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் பட்டது. இன்டெல் டெஸ்க்டாப் போர்டு என்றால் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மூடியைத் தூக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடி. உள்ளே இருக்கிற பொடிப்பொடி முள்ளெல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மினுமினுப்பு மாறினால் அங்கே முள் வளைந்திருக்கிறது.

இன்னொன்று. அபூர்வ மாடலைப் பார்த்து மயங்காதே. ஆபீசுகளில் மூட்டை மூட்டையாக இருந்த டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட் மாதிரி லேப்டாப்தான் உதிரியில் ஓடும். போர்டு செத்தாலும் கீபோர்டு, ஸ்கிரீன், கீல் என்று ரிப்பேர் கடைக்காரர்கள் தேடி வருவார்கள். உப்பிய பேட்டரிக்கு விலையே போடாதே. அது வீட்டுக்குள் வரவே கூடாது.

விற்கும்போது ‘டெட்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதாதே. “பவர் வருகிறது, டிஸ்பிளே இல்லை” என்று எழுதினால் சிப் லெவல் வேலை, அதாவது போர்டிலேயே சிப்பை மாற்றிச் சரிசெய்கிறவர் கூடுதலாகக் கொடுப்பார். “சோதிக்கவில்லை” என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை, செத்த விலைதான் கிடைக்கும்.

கல்லூரியில் ஒன்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள். 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, ஒரு வருஷத்தில் 1000 கருவிகளோ அதற்கு மேலோ பயன்படுத்தும் நிறுவனம், பதிவு பெற்றவர்களிடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும். அந்தக் கல்லூரியும் அந்தக் கணக்கில் வந்தால் இது உனக்கான லாட் இல்லை, பேசாமல் வந்துவிடு.

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு வருவாய் அல்லவா? நீ சொன்ன அந்த மூன்று போர்டுகளையும் எடுத்து வா, இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் காட்டலாம். பட்டுப்புடவைக்கு நடுவில் சொருகிக் கொண்டுவராதே, துணி உரசி வரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுத்துவிடும், அதைத் தடுக்கிற நல்ல ஆன்டி ஸ்டேட்டிக் கவரில் போடு.

அன்புடன்,
பாஸ்கர்