தண்ணீரில் லாபம் பார்க்காத மேயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, அவருடைய ஸ்க்ரூ வியாபாரத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டது. மேயராகப் போட்ட கணக்கெல்லாம் அங்கே படித்ததுதான்.

அந்தக் காலத்து மர ஸ்க்ரூக்களுக்கு முனை மொட்டை. முழு ஆழத்துக்குத் துளை போட்டால்தான் உள்ளே இறங்கும். கூர்முனை ஸ்க்ரூவை இயந்திரத்தில் செய்யும் அமெரிக்கக் காப்புரிமையை சேம்பர்லினின் மாமா நெட்டில்ஃபோல்டு வாங்கியபோது சேம்பர்லினின் தந்தையும் அதில் முதலீடு செய்தார். போட்ட பணத்தைப் பார்த்துக்கொள்ள 1854-ல் 18 வயது மகனை லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு அனுப்பினார். பையன் பார்த்தது பட்டறையை அல்ல, கணக்கையும் விற்பனையையும். இந்த இயந்திர ஸ்க்ரூவோடு போட்டியிட முடியாமல் சிறு பட்டறைக்காரர்கள் பலர் நொடித்ததையும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

1873 நவம்பரில் மேயரானார். மறு ஆண்டே வியாபாரத்திலிருந்து பங்கைப் பிரித்துக்கொண்டு விலகினார். (நம்மூர் ஒப்பந்தக்காரக் கவுன்சிலர்கள் கவனிக்க!) நகரில் எரிவாயு கம்பெனிகள் இரண்டு. ஒரே தெருவை இருவரும் மாறி மாறித் தோண்டிக் குழாய் பதித்தார்கள். 1875-ல் இரண்டையும் சுமார் 20 லட்சம் பவுண்டுக்கு நகரமே வாங்கியது. நகர வரியை ஈடுகாட்டினால் கடன் மலிவாகக் கிடைக்கும். கம்பெனிப் பங்குதாரருக்குப் போய்க்கொண்டிருந்த ஈவுத்தொகை அந்த வட்டியைவிட அதிகம். நடுவில் மிஞ்சுவது நகரத்துக்கு. முதல் ஆண்டு மிச்சமே சுமார் 34,000 பவுண்டு.

தண்ணீர் கம்பெனியையும் லாபத்துக்காகவே வாங்கினார் என்று கட்டுரையில் எழுதியிருப்பதுதான் தவறு. மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கிணற்றை நம்பியிருந்தார்கள். கழிவுக்குழி கசிந்து கலந்த கிணறுகள் அவை. மாற்றுத் தண்ணீர் மலிவாக வீட்டுக்கு வராவிட்டால் ஏழை எப்படிக் கிணற்றை மூடுவான்? ஆகவே 1876-ல் சுமார் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய தண்ணீர் கம்பெனியில் லாபம் பார்ப்பதில்லை, மிஞ்சினால் கட்டணத்தைக் குறைப்பது என்று வைத்தார். எரிவாயுவுக்கு ஒரு நீதி, தண்ணீருக்கு வேறு நீதி. கணக்குத் தெரிந்தவர் வேண்டுமென்றே செய்தது இது.

சேரிகளை இடித்துப் போட்ட கார்ப்பரேஷன் தெருவைக் கட்டுரை புகழ்ந்திருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சேரிகளை அகற்ற வந்த 1875-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் அங்கே நிலம் எடுத்தார்கள். மனைகளை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக் காலம் முடிந்ததும் மனை கட்டடத்தோடு நகரத்துக்கே திரும்பும். கெட்டிக்கார ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் எழுந்தவை கடைகளும் அலுவலகங்களும். இடிபட்ட வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு நகர மன்றம் பல ஆண்டுகள் வீடு கட்டித் தரவில்லை. சேம்பர்லின் 1876-லேயே நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்.

— உள்ளாட்சித் தணிக்கையில் இருந்து ஓய்வுபெற்ற வாசகர், மதுரை