உறுதியாக்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிட்டப்பார்வை கூடாமல் இருக்க கண்ணின் வெளிச்சுவரையே உறுதியாக்கும் ஆராய்ச்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அந்தச் சிகிச்சை வேலை செய்ததா என்று பார்க்க, அந்தச் சுவரில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகளைப் படமெடுக்கும் முறை ஒரே வரியில் முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால், விஷயமே அதில்தான் இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடங்களுக்குப் பரிசோதனைக்குப் போனால், ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய எழுத்துப் பலகையைப் பிள்ளைகள் கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பார்கள். சில பேர் முன்னால் நின்றவன் சொன்னதைக் கேட்டு வைத்துக்கொண்டு அப்படியே ஒப்பிப்பார்கள்; வேறு பலகையை மாட்டினால்தான் உண்மை வெளியே வரும். 'மைனஸ் ஒன்றேகால்' எழுதிக் கொடுத்த பிள்ளை மறுவருடம் 'ரெண்டேகாலில்' வந்து நிற்கும்போது அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "பவர் ஏறாம நிறுத்த முடியாதா சார்?"

பிள்ளைகளுக்குப் பவர் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் கண் நீளுகிறது என்று அர்த்தம். வளர்ந்தவர் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பவர் ஏறிவிடும். அப்படி நீளும்போது ஸ்கிளீரா என்கிற வெள்ளைச் சுவர் பின்பக்கத்தில் மெலிகிறது, அதிலுள்ள கொலாஜன் இழைகளும் மெலிகின்றன. கண்ணாடி போட்டால் பார்வை தெளியும், நீண்ட கண் நீண்டதுதான். பவர் மிக அதிகமானவர்களுக்கு விழித்திரை விலகும் ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான் சுவரையே உறுதியாக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய பச்சைத்தோல் அழுகாமல் உறுதியாவதை ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேலைக்குப் போனவர்கள் அறிவார்கள். தோலில் இருப்பதும் கொலாஜன்தான். பட்டையின் துவர்ப்புச் சத்து இழைகளுக்கு நடுவே பிணைப்புப் போடுகிறது. கண்ணில் அந்த வேலையை ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினும் புற ஊதாக் கதிரும் செய்கின்றன. கருவிழி கூம்பாகிப் போகும் நோய்க்கு இந்தச் சிகிச்சையை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் நோயாளிகளுக்குச் செய்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று நம் நாட்டிலும் செய்கிறார்கள். கருவிழி கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால், மருந்தும் கதிரும் எவ்வளவு ஆழம் வேலை செய்தன என்பதை கண்ணை அடுக்கடுக்காக ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் சுமார் 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) ஆழத்தில் தெரியும் ஒரு கோட்டை வைத்தே மதிப்பிட முடிகிறது.

ஸ்கிளீராவில் அந்த வசதி இல்லை. அதிலும் அதே கொலாஜன்தான். ஆனால் தடித்தும் மெலிந்தும் பல அளவில், பல திசையில் பின்னிக் கிடப்பதால் ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. உறுதி கூடியதா என்று பார்க்க, திசுவைப் பட்டையாக வெட்டி இழுத்துப் பார்ப்பதுதான் பழைய வழி. எவ்வளவு இழுவை தாங்கியது என்று எண் கிடைக்கும். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த இழைகள் மாறின என்பது தெரியாது. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தைச் சுற்றி இழைகள் வளையமாக ஓடுகின்றன. அங்கே உறுதி கூடக்குறைய ஆனால் என்ன ஆகும்?

இங்கேதான் இரண்டாம் ஒத்திசை நுண்ணோக்கி உதவுகிறது. சுமார் 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரை மிகக் குறுகிய துடிப்புகளாக அனுப்பினால், கொலாஜன் அதைச் சரிபாதி அலைநீளத்தில், 400 நானோமீட்டர் ஊதா ஒளியாகத் திருப்பித் தரும். சாயம் ஏற்ற வேண்டாம். இழைக்கற்றைகளின் தடிமன், நெளிவு, திசை, நெருக்கம் எல்லாம் படத்தில் அப்படியே விழும். கொலாஜனின் மூன்று புரி அமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குச் சொன்னார்கள். நம் பாடப்புத்தகங்களில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, படம் வந்துவிட்டது, சிகிச்சை நாளைக்கே தருமபுரிக்கு வருமா? வராது. ஸ்கிளீராவை உறுதியாக்கும் சோதனைகள் பெரும்பாலும் முயல், கினிப்பன்றிக் கண்களில்தான் நடந்திருக்கின்றன. ஸ்கிளீராவுக்கு உட்புறம் மெல்லிய ரத்தநாளப் படலம், அதையொட்டி விழித்திரை. புற ஊதாக் கதிர் அங்கே போனால் கெடுதல். உயிருள்ள மனிதக் கண்ணின் பின்சுவரை இந்த நுண்ணோக்கியால் எட்டிப் பார்ப்பதும் இப்போதைக்கு எளிதல்ல.

இதை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் என்னிடம் விசாரிக்க வரும் பெற்றோர், பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்துக் கையோடு கொண்டுவருகிறார்கள். "இந்த ஆபரேஷன் பெங்களூரில் இருக்கா?" என்று கேட்கிறார்கள். பெண்ணின் நகையை அடகு வைக்கவும் தயாராக வருகிறவர்களிடம், இது இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள், மருத்துவர் சொன்னால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தைப் போடுங்கள் என்பதுதான் இன்றைக்கு அவர்களிடம் சொல்ல முடிந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்தக் கொலாஜன் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். அது முயல் கண்ணா, மனிதக் கண்ணா, உயிருள்ள கண்ணா, எடுத்து வைத்த திசுவா என்பதைப் படத்துக்குக் கீழேயே கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.